பந்து வராத ஓட்டம்

ஆஸ்டின் டவுன் மைதானம், காலை ஆறேகால்.
கோல் கம்பத்தில் யாரோ காயப்போட்ட பெட்ஷீட்டை
மடித்து ஓரமாக வைத்துவிட்டுத்
தொடங்குகிறோம்.

பதினான்கு பிள்ளைகள், ஒரு பந்து.
பலாச்சுளைமேல் ஈ.
பந்து இடப்பக்கம் போனால் இடப்பக்கம் பதினான்கு பேர்.
வலப்பக்கம் புழுதி மட்டும்
தனியாக நிற்கிறது.

விலகி நில்லுடா என்று கத்துகிறேன்,
தூர ஹோகு என்கிறேன் கன்னடத்தில்,
நூரைனுக்காக உருதுவில் ஒரு தடவை.
மூன்று மொழியிலும் கேட்டுக்கொண்டு
மூன்று மொழியிலும் பந்தைப் பார்த்தே ஓடுகிறார்கள்.

பாஸ் கொடுத்தபின் லூர்துராஜ் நிற்கிற நிலை இருக்கிறதே,
மொய் வைத்துவிட்டு
நோட்டில் பேர் ஏறியதா என்று
எட்டிப் பார்க்கிற மாமா தோற்றார்.
கொடுத்தாச்சுல்ல, போ.
எங்க மிஸ்?
எங்க ஆள் இல்லையோ அங்க.
ஆள் இல்லாத இடத்துக்கு எதுக்கு மிஸ் போகணும்?

நியாயமான கேள்விதான்.
எட்டுக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கிறவன்,
வேனில் பன்னிரண்டாவது ஆளாக மடியில் போகிறவன்,
ஆள் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று
எங்கே பார்த்திருப்பான்?

அதனால் ஒரு வியாழக்கிழமை
பந்தைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.
இன்னிக்குப் பந்து கிடையாது. ஆடுங்க.
சிரித்தார்கள். பிறகு ஆடினார்கள்.
தரண்யா இல்லாத பந்தால் கோல் போட்டு
சட்டையைத் தலையில் இழுத்துக்கொண்டு ஓடினாள்.
அது ஆஃப்சைடு என்று சண்டை.
கை கலக்கும்வரை போனது.

செபஸ்தி மட்டும்
கூட்டத்தை நோக்கி ஐந்தடி வைத்து
சட்டென்று திரும்பி
யாருமில்லாத மூலைக்கு ஓடினான்.
மறுபடி வந்தான். மறுபடி ஓடினான்.

அவன் காலில் பந்து ஒட்டாது.
நிறுத்தச் சொன்னால் சாக்கடை வரைக்கும் போகும்.
ஆனால் கழுத்து திரும்பும்.
ஓசூர் ரோட்டைக் கடக்கிற நாய் மாதிரி
இடம் ஒரு தடவை, வலம் ஒரு தடவை.
பதினோரு வருஷம் ஆடினேன், மாநில அணிவரைக்கும்.
எனக்கு அது திரும்பியதில்லை.
முட்டி கிழிந்து பெஞ்சில் உட்கார்ந்த வருஷம்தான்
மைதானத்தில் பந்து தவிர
இவ்வளவு இருப்பது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோரமங்களாவில் ஆட்டம்.
அவர்களுக்கு ஒரே நிறத்தில் பை, ஒரே நிறத்தில் பாட்டில்.
இடைவேளைக்குச் சற்று முன்
செபஸ்தி கையைத் தூக்கிக்கொண்டு
இங்க இங்க என்று கார்னர் கொடிக்கு ஓட,
நம்பி இரண்டு பேர் பின்னாலேயே போனார்கள்.
நடுவில் ஒரு வாசல் திறந்தது.
தரண்யா தட்ட, நூரைன் நுழைய,
கோல்.

எல்லோரும் நூரைன்மேல் விழுந்தார்கள்.
கொடிப் பக்கத்தில் செபஸ்தி
குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.
(அதற்கப்புறம் மூன்று வாங்கினோம்.
அது வேறு கதை.)

அவன் அம்மாவுக்கு கார்மென்ட்ஸில் வேலை.
வாரம் ஒருநாள் லீவு, அதில் வந்திருந்தார்.
மிஸ், ஒரு தடவைகூடப் பந்து
அவன் கால்ல படலையே?

தண்ணி பாட்டில்களை மண்ணில் அடுக்கினேன்.
இது செபஸ்தி, இது அந்த ரெண்டு பேர்,
இவங்க இப்படிப் போனதால இங்க
என்றபோது காற்றில் செபஸ்தி விழுந்து உருண்டான்.

அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை.
மகன் சட்டையின் காலரைத் திருப்பிப் பார்த்தார்.
பந்தே தொடாத பிள்ளைக்கு
சட்டை ஏன் மிஸ் இவ்ளோ அழுக்கு?

அதுதான்க்கா, என்றேன்.
அதைத்தான் சொல்ல வந்தேன்.

பஸ் வந்தது. கதவில் மொத்த ஸ்டாப்பும் மொய்த்தது.
செபஸ்தி இடம் பார்த்தான், வலம் பார்த்தான்,
அம்மாவின் கையை விட்டு
பின்கதவுக்கு ஓடினான்.

சீட் கிடைத்ததா தெரியவில்லை.
ஜன்னலில் ஒரு கை மட்டும்
இங்க இங்க என்று ஆடியது.